துணி காயாத ஜன்னல்

ஸ்டாக்டன் தெரு,
சான் பிரான்சிஸ்கோ
4 மார்ச் 2013, திங்கள்

மகன் வாய் ஹோங்குக்கு,

உன் சுகத்தைக் கேட்க இதை எழுதவில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று சனிக்கிழமை என் கண்ணாலேயே பார்த்தேன். கொஞ்சம் சதை கூடப் போட்டிருக்கிறாய்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் கிழித்தாலும் மிச்சம் கையில் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் உன்னைப்போல அடித்து அடித்து எழுத மாட்டேன்.

ஆறு மாதமாக நம் தெருவில் ஒரு சிவப்பு பஸ் வருகிறது. தலைக்குக் கூரை இல்லாத மாடி பஸ். ஒரு நாளைக்கு நாலு தடவை. அதன் மேல்தட்டும் என் முதல் மாடி ஜன்னலும் கிட்டத்தட்ட ஒரே உயரம். நான் சோறு தின்பது, காலுக்குத் தைலம் தேய்ப்பது, உன் அப்பா படத்துக்கு ஊதுபத்தி வைப்பது எல்லாவற்றையும் உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தெரு முழுக்க ஓடுகிற பஸ், நம் கட்டடத்துக்கு முன்னால் வந்ததும் மட்டும் நத்தையாகிவிடும். மேலே மைக் வைத்திருக்கிற சிவப்புத் தொப்பிக்காரன் கையை நீட்டுவான். "அதோ பாருங்க, சைனாடவுனோட கொடிங்க! ஒரே ரூம்ல நாலு தலைமுறை குடியிருக்கு. இந்தக் கட்டடத்துக்கு அடியில அபின் சுரங்கம் இருந்துச்சாம்!" என்பான். எனக்கு ஆங்கிலம் பேசத்தான் வராது. காதில் விழுந்தால் புரியும். கொடி என்று அவன் சொல்வது மூங்கில் கழியில் காய்கிற என் உள்பாவாடையை.

போன வாரம் ஒருத்தன் படம் பிடிக்கிற குச்சியை நீட்டி என் கால்சட்டையைத் தூக்கிக் காட்டினான். பஸ்ஸே சிரித்தது. முப்பத்தொரு வருஷம் தையல் கூடத்தில் தலை நிமிராமல் வேலை செய்தவள் நான். என் கால்சட்டையைப் பார்த்து ஒருத்தனும் சிரித்ததில்லை.

இதையும் பொறுத்துக்கொண்டேன். சனிக்கிழமை பேக்கரிக்காரரின் சவ ஊர்வலம் வந்தது. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் அவர் பெரிய படத்தை வைத்த கார். அந்தச் சிவப்பு பஸ் வழியில் மாட்டிக்கொண்டது. டிரைவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, படத்துக்குத் தலை குனிந்தான். யார் பெற்ற பிள்ளையோ, மரியாதை தெரிந்தவன் என்று நினைத்தேன். அப்புறம்தான் உச்சந்தலையில் ரெட்டைச் சுழி கண்ணில் பட்டது. நாற்பத்தொன்பது வருஷமாக நான் எண்ணெய் வைத்த சுழி.

பக்கத்து அறை தாம் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றாள். "அடியே, உன் புள்ள மாதிரி இல்ல?" என்றாள். "என் புள்ள பள்ளிக்கூட பஸ் ஓட்டுறான். அம்மா துணிய வேடிக்கை காட்டிப் பொழைக்கிறவன் இல்ல"ன்னு சொன்னேன். இந்த வயதில் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

உன் சான் லியாண்ட்ரோ வீட்டில் மூன்று வருஷத்துக்கு முன் நான் தோட்டத்தில் ஒரு கயிறு கட்டித் துணி உலர்த்தினேன். அந்தத் தெருவில் வெளியில் துணி தொங்கக்கூடாது என்று அங்கே இருக்கிற வீட்டுக்காரர்கள் சங்கத்திலிருந்து கடிதாசி வந்தது. நீ உன் மனைவி, மகள் முன்னால் கத்தினாய். "இது என்ன சைனாடவுனா? எங்க மானத்த வாங்காதம்மா!" என்றாய். அன்றைக்கே மூட்டையைக் கட்டினேன். "இனி என் படிய மிதிக்காத"ன்னு சொன்னேன். நீயும் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாய். வாழ்நாளில் நீ கேட்ட ஒரே பேச்சு அதுதான். அன்றைக்கு மானத்தை வாங்கிய அதே துணியை இன்றைக்கு ஊருக்குக் காட்டுகிறாயே, இப்போது மானம் எங்கே போனது?

நீ இல்லாவிட்டால் நான் செத்துவிடவில்லை. ஜனவரியில் முழங்கால் வீங்கியபோது மருந்துக் கடை லூயி தானாகவே இரண்டு புட்டித் தைலம் மேலே அனுப்பினார். கேட்கவே இல்லை. ஊரார் அப்படி இருக்கிறார்கள்.

பஸ்ஸை வேறு தெருவில் ஓட்டு.

உன் அம்மா,
சுய் ஹா


சான் லியாண்ட்ரோ
8 மார்ச் 2013

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

பஸ் போகும் வழியை முடிவு செய்வது நான் அல்ல. மைக்கில் பேசும் பையன் சொல்வதற்கும் நான் பொறுப்பல்ல. கீழே டிரைவர் சீட்டில் இருப்பவனுக்கு மேலே பேசுவது பாதி கேட்காது. அந்தக் குச்சிக்காரனைப் பற்றி இப்போதுதான் தெரிகிறது. அலுவலகத்தில் சொல்கிறேன்.

வழி ஒன்று இருக்கிறது. உங்கள் கட்டடத்துக்கு எதிரிலேயே சலவை மெஷின் கடை இருக்கிறது. அங்கே உலர்த்தலாம். இல்லையென்றால் பின்பக்கச் சந்தில் தொங்கவிடலாம். ஊரே மாறிவிட்டது. நீங்கள் மட்டும் கழியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

என் வேலையைப் பற்றி தாம் அக்காவிடம் பொய் சொல்லத் தேவையில்லை. நான் திருடவில்லை.

ஜாய்ஸ் நன்றாகப் படிக்கிறாள். பாட்டியைக் கேட்டாள்.

வாய் ஹோங்


ஸ்டாக்டன் தெரு
11 மார்ச் 2013, திங்கள்

மகனுக்கு,

நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் என்ன உன் பஸ் கம்பெனி முதலாளியா?

பின்பக்கச் சந்தாம்! சந்துக்குக் கீழே வாத்து வறுக்கிற அடுப்பின் புகைபோக்கி இருக்கிறது. நீ இந்தக் கட்டடத்தில்தானே வளர்ந்தாய்? உன் பள்ளிக்கூடச் சட்டையை ஒரு நாளாவது வாத்து வாசனையோடு போட்டுக்கொண்டு போனாயா? வெயில் பட்ட சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனாய். அதற்காகத்தான் தெருப்பக்கத்து அறைக்கு நாங்கள் நாலு வருஷம் காத்திருந்தோம். சந்துக்குப் போ என்று இன்றைக்கு நீ சொல்கிறாய்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு நடந்ததையும் கேள். மதியம் பஸ் வந்தது. நத்தை மாதிரி நின்றது. சிவப்புத் தொப்பி வாயைத் திறந்தான். நான் கீரை கழுவிய தண்ணீரைக் குண்டானோடு எடுத்து வீசினேன். முன் வரிசையில் மூன்று பேர் நனைந்தார்கள். "மன்னிச்சுக்குங்க"ன்னு அவன் சொல்வான் என்று நினைத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கை தட்டுங்க, பாட்டி நம்மள வரவேற்கிறாங்க! தண்ணி தெளிச்சா அதிர்ஷ்டம்!" எல்லாரும் கை தட்டினார்கள். நனைந்தவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மறுநாளிலிருந்து பஸ் வந்ததும் மேலே இருக்கிற கூட்டம் "பாட்டி, தண்ணி!" என்று கத்துகிறது.

கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லாமல் செய்துவிட்டீர்கள். என் கோபமும் வேடிக்கைதான் உங்களுக்கு.

சரி. உனக்கும் உன் கூட்டத்துக்கும் இனி இங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. இன்று காலை கழியை உள்ளே இழுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டேன். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டேன். பொது அடுப்படியில் எல்லாரும் சமைக்கிற புகையில் என் துணி காய்கிறது. ரவிக்கையில் கருவாட்டு வாசனை வந்துவிட்டது. நல்ல பிள்ளையைப் பெற்றேன் என்று நினைத்துக்கொண்டு அதைப் போட்டுக்கொள்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே.

அம்மா


ஸ்டாக்டன் தெரு
15 மார்ச் 2013, வெள்ளி

வாய் ஹோங்,

நேற்று என் கதவை உடைத்தது நீயா?

நேற்று மேல் மாடியில் குடியிருந்த செங் தாத்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அவர் வீட்டார் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாயும் காசும் போட்ட வெள்ளை உறையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உறையை வாங்கி, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, மனது சரியில்லை என்று பூங்காவுக்குச் சீட்டாடப் போனேன். திரும்பி வந்தால் என் தாழ்ப்பாள் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. கட்டில் விரிப்பு கசங்கியிருக்கிறது. திருடன் என்று கத்தினேன்.

தாம் அக்கா சிரிக்கிறாள். "திருடன் இல்லடி, உன் ரெட்டைச் சுழிதான்! மூணு மூணு படியா தாவிட்டு வந்தான். நான் 'டேய், டேய்'ங்கறதுக்குள்ள தோளால இடிச்சுட்டான். உள்ள யாரும் இல்லைன்னதும் கட்டில்ல உக்காந்துட்டான். 'உங்கம்மா சீட்டாடப் போயிருக்கா'ன்னேன். முகத்த மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தான். கீழ தெருவே ஹாரன் அடிக்குது, இவன் பாட்டுக்கு உக்காந்திருக்கான்!"

மூன்று வருஷமாக வராதவன். வந்ததும் கதவை உடைக்கிறாய். உடைத்துவிட்டு நான் வருகிற வரைக்கும் இருக்கக்கூட உனக்குப் பொறுமை இல்லை. எதைத் தேடி வந்தாய்? கழியையா? கட்டிலுக்கு அடியில் பார்த்திருக்கலாமே, எடுத்துப்போய் உன் மைக்குக்காரனிடம் கொடுத்திருக்கலாம்.

புதன்கிழமை ராத்திரி உன் நம்பர் பதினொரு தடவை அடித்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. எடுப்பேனா?

நேற்று ராத்திரி கதவுக்கு முட்டாக நாற்காலியை வைத்துவிட்டுப் படுத்தேன். எழுபத்து நாலு வயதுக்காரி நாற்காலியை இழுத்தாள் என்பது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சுய் ஹா


சான் லியாண்ட்ரோ
19 மார்ச் 2013

அம்மா,

உடைத்தது நான்தான். எனக்கும் கோபம்தான். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

உன் இரண்டாவது கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறைமேல் உன் எழுத்தைப் பார்த்ததுமே இன்னொரு திட்டு என்று நினைத்தேன். பிரிக்கவில்லை. பஸ்ஸில் என் சீட்டுக்குப் பக்கத்தில் செருகி வைத்தேன். மூன்று நாளாக அது என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தது. கழியை எடுத்துவிட்டாய் என்று அதில் எழுதியிருக்கிறாய். வியாழக்கிழமை சாயங்காலம்தான் பிரித்துப் படித்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

திங்கள்கிழமை உன் ஜன்னலில் கழி இல்லை. நல்ல வெயில். மழை நாளில்கூட நீ ஜன்னலுக்கு உள்பக்கம் தொங்கவிடுவாய், கீழே இருந்து தெரியும். செவ்வாயும் இல்லை. புதனும் இல்லை, திரை மூடியிருந்தது. போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. வியாழன் வந்தால் நம் கட்டட வாசலில் வெள்ளை உறை கொடுக்கிறார்கள். அம்மா, நீயாக இருந்தால் என்ன நினைப்பாய்? நாலு நாளாகத் துணி இல்லாத ஜன்னல், கீழே கையில் வெள்ளை உறையோடு ஜனங்கள்.

பஸ்ஸை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு ஓடினேன். மேலே அறுபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ப்ரெண்டன், அதுதான் உன் சிவப்புத் தொப்பி, "டேய், எங்கடா போற? சாவியையாவது குடுத்துட்டுப் போடா!" என்று கத்தினான்.

நீ சீட்டாடப் போயிருக்கிறாய் என்று தாம் அக்கா சொன்னதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் உன்னை மனதில் புதைத்தே விட்டிருந்தேன். நீ அங்கே சீட்டு கலைத்துக்கொண்டிருக்கிறாய்! நீ வந்திருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேனா, கத்தியிருப்பேனா, தெரியவில்லை. அதனால்தான் இறங்கிப் போய்விட்டேன்.

படியை மிதிக்காதே என்று சொன்னாய். மிதிக்காமல் உன்னைப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்ததே ஸ்டாக்டன் தெரு வழியாகப் போகும் பஸ் வேண்டும் என்று கேட்டு வாங்கித்தான். டிரைவர் சீட்டில் இருந்து உன் முகம் தெரியாது. துணி தெரியும். திங்கள் நீலச் சட்டை, செவ்வாய் பூப்போட்ட ரவிக்கை, வெள்ளிக்கிழமை விரிப்பு. சாம்பல் கால்சட்டையில் இடது முட்டியில் ஒட்டுப் போட்டிருக்கிறாய். ஜனவரியில் முழங்காலுக்குச் சுற்றும் நீளத் துணி இரண்டு வாரம் கழியில் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் லூயியிடம் தைலம் அனுப்பச் சொன்னேன். அவரைத் திட்டாதே, சொல்லக்கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

உன் மானத்தை நான் ஊருக்குக் காட்டவில்லை. என் கண்ணுக்கு அது மட்டும்தான் கிடைத்தது.

அன்றைக்கு என் தோட்டத்தில் நான் கத்தியது தப்பு. மூன்று வருஷமாக எனக்குத் தெரியும். நீ வாயைத் திறந்தால் எனக்கும் வாய் வந்துவிடுகிறது, அதனால் சொல்லவில்லை.

கம்பெனி என்னை மூன்று வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் பாலத்துப் பக்கம் போகிற பஸ் தருவார்களாம். ஸ்டாக்டன் தெரு இனி எனக்கு இல்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். கழியை வெளியே போட்டுக்கொள்.

ஹோங்


ஸ்டாக்டன் தெரு
27 மார்ச் 2013, புதன்

ஹோங்குக்கு,

லூயியிடம் போய்த் திட்டிவிட்டுத்தான் வந்தேன். நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுவேனா? இரண்டு மாதமாக அந்த ஆளைப் பார்க்கும்போதெல்லாம் புன்னகை செய்து வீணாக்கியிருக்கிறேன். "உங்க மகன் மாதிரி ஒருத்தன் எனக்கு இருந்தா நான் திட்டு வாங்கிக்குவேன்"ன்னு சொல்கிறார். அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் கோபம் வந்தது. ஒரு மனுஷன் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று அவள் உள்பாவாடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வானா? ஏறி வந்து கேட்டால் நான் கடித்துவிடுவேனா? ஏறாதே என்று சொன்னேன், சரி. சொன்னதையெல்லாம் நீ கேட்டுவிட்டாயா? கணக்குப் பாடம் படி என்றேன், கேட்டாயா?

நீ எழுதியதை நான் நம்பவில்லை. சும்மா மனதைக் கரைக்க எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். நேரில் பார்க்க வேண்டும் என்று நேற்று அந்த பஸ்ஸில் ஏறினேன்.

ஆமாம், அதே சிவப்பு பஸ். நாற்பத்தாறு வருஷமாகக் குடியிருக்கிற தெருவைச் சுற்றிப் பார்க்க உன் அம்மா மாடி பஸ் ஏறினாள். ப்ரெண்டன் என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தான். குண்டான் இருக்கிறதா என்று கையைப் பார்க்கிறான். "டிரைவர், மதர்" என்று சொன்னேன். அப்புறம் அவனே கையைப் பிடித்து மேலே ஏற்றி முன் வரிசையில் உட்கார வைத்தான். "பாட்டி, அவன் இல்லாம பஸ் நல்லாவே இல்ல. புது ஆளு பிரேக் போட்டா எல்லார் பல்லும் ஆடுது" என்றான். கெட்டவன் இல்லை. வாய் மட்டும்தான் கெட்டது.

காற்று முகத்தில் அடித்தது. மீன் கடைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். நான் கை ஆட்டவில்லை. நம் கட்டடம் வரும் நேரம் அவன் மைக்கில் சுரங்கத்தை ஆரம்பித்தான். நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன்: "நோ சுரங்கம். கீழ வாத்து. வாத்து ரோஸ்ட்!" ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அதை எழுதிக்கொண்டாள். நாலு தலைமுறை என்றதற்கும் விரலைக் காட்டினேன். "ஒன். நான் ஒருத்தி."

அப்புறம் என் ஜன்னலைப் பார்க்கத் திரும்பினேன், ஹோங். பார்க்க முடியவில்லை. பஸ் விர்ரென்று போய்விட்டது. உன் இடத்தில் வந்த டிரைவருக்கு அது ஏதோ ஒரு கட்டடம். எல்லாத் தெருவிலும் போகிற வேகத்திலேயே போனான். நத்தை மாதிரி ஊர்ந்தது பஸ் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஆறு மாதமாக ஒரு நாளைக்கு நாலு தடவை நான் அந்த நத்தையைச் சபித்திருக்கிறேன்.

ப்ரெண்டனிடம் இன்னொரு சுற்று என்று விரலைக் காட்டினேன். இரண்டாவது சுற்றில் சிவப்பு விளக்குக்காக நம் மூலையில் நின்றது. பார்த்தேன். இரண்டு பக்கத்து ஜன்னலிலும் துணி. தாம் அக்காவின் துண்டு, அந்தப் பக்கத்து அறைக் குழந்தையின் கால்சட்டை. நடுவில் என் ஜன்னல், திரை மூடி, மொட்டையாக. செத்தவள் வீடு மாதிரிதான் இருந்தது. நானே ஒரு நிமிஷம் அவளுக்காகத் துக்கப்பட்டேன். நீயும் அதைத்தான் நாலு நாள் பார்த்திருக்கிறாய்.

இதற்காக நான் உன்மேல் கோபத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ கடிதத்தைப் பிரிக்காமல் வைத்தது என் வயிற்றில் இன்னும் எரிகிறது. அதே எரிச்சல் நான் எடுக்காத போனுக்கும் உண்டு. அது என் கணக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

கழியை வெளியே போட்டுவிட்டேன். இன்று நீலச் சட்டை, திங்கள் இல்லை என்றாலும். ரவிக்கையை மூன்று தடவை துவைத்தும் கருவாட்டு வாசனை போகவில்லை. யார் பார்த்தாலும் பார்க்கட்டும். ஆனால் நீ பாலத்துப் பக்கம் போய்விட்டால் என் துணியைப் படிக்கத் தெரிந்தவன் இந்தத் தெருவில் இல்லை.

தாழ்ப்பாள் அப்படியேதான் கிடக்கிறது. கட்டடக்காரனிடம் சொல்லவில்லை. தாம் அக்கா மகன் மாட்டித் தருகிறேன் என்றான், கையை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். உடைத்தவன் மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திருப்புளியோடு வா. ஜாய்ஸையும் கூட்டி வா, அவளுக்குப் பிடித்த பாகற்காய் சூப் வைக்கிறேன். உன் மனைவி வந்தாலும் சோறு இருக்கும்.

அன்றைக்குத் தாவி ஓடியதில் உனக்குத் தெரிந்திருக்காது. கீழிருந்து ஐந்தாவது படி ஒரு வருஷமாக ஆடுகிறது. பார்த்து மிதி.

அம்மா